போக்கியமா, மாச வாடகையா, லைன் வீடா, கம்பெனியா?

சித்தப்பா மகன் போன சித்திரையில் ஒரு நாள் விடிகாலையிலேயே போன் செய்தான். "ஏனுங்ணா, அந்தத் திருப்பூர் வீட்டைப் பேசாம போக்கியத்துக்கு விட்டுறட்டுங்களா? ஆறு லட்சம் மொத்தமா தர்றதுக்கு ஆள் வந்திருக்குதுங்க."

அவன் இருப்பது காங்கயத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துச் சாளையில். அங்கிருந்து திருப்பூருக்கு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர். பாகம் பிரித்ததில் அவனுக்கு வந்தது ஊர் எல்லையில் எட்டு சென்ட் இடமும் அதில் சித்தப்பா கட்டிய வீடுகளும். ரோட்டைப் பார்த்த மாதிரி கீழே ஒன்று, மேலே ஒன்று. பின்னால் வரிசையாக நாலு லைன் வீடு. சித்தப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை மொபெட்டை எடுத்துக்கொண்டு போவார், வாடகையோடு திரும்புவார். அவர் தவறிய பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் லைனில் இரண்டு வீட்டில்தான் ஆள் இருந்தது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மச்சினன் போக்கியம் என்றான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடும்பத்துக்கு மாச வாடகைக்கு விடச் சொன்னார். தரகர், லைன் வீட்டை இன்னும் நாலு சேர்த்துக் கட்டுங்கள் என்றார். ஒரு பனியன் கம்பெனி மேனேஜர், ஆட்களைத் தங்கவைக்க மொத்தத்தையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். எல்லோரும் பேசியது மாசம் எவ்வளவு வரும் என்பதைப் பற்றி. நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "குடியிருக்கிறவங்க காலி பண்ற அன்னிக்கு உன் கையில எவ்வளவு பணம் இருக்கணும், நீ என்னென்ன வேலை பார்க்கணும், அதைச் சொல்லு." கோவையிலும் திருப்பூரிலுமாக இருபது வருஷம் வீடு வாடகைக்கு விட்டதில் நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நாளில்தான்.

முதலில் போக்கியம். மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள். தரகர்கள் வாயில் அது லீஸ். ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் குடியிருக்க விட்டு, முடிவில் அதே தொகையை வட்டி போடாமல் திருப்பித் தரவேண்டும். வாங்குகிற அன்றைக்கு ரொம்ப இனிப்பான ஏற்பாடு. மாசாமாசம் வாடகை கேட்டு நிற்கவேண்டாம், முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். கீழ்வீட்டுக்கு மாசம் 9,000 வாடகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,00,000 வாங்கிக்கொண்டு அந்த 9,000த்தை விட்டுக்கொடுத்தால் நூற்றுக்கு மாசம் ஒன்றரை ரூபாய் ஆகிறது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், சொந்த வீட்டைக் காட்டி ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறோம். வாங்கின ஆறு லட்சத்தை 7 சதவீதத்துக்கு வைப்பில் போட்டால் வருஷத்துக்கு 42,000 வரும். விட்டுக்கொடுத்த வாடகையோ 1,08,000. வாடகை பன்னிரண்டு மாசமும் ஒழுங்காக வந்துவிடாது என்பது வாஸ்தவம்தான். ஒரு மாசம் பூட்டிக் கிடக்கும், பெயிண்ட் அடிக்கவேண்டும், தரகுக் கூலி இருக்கிறது. அதையெல்லாம் கழித்து 90,000 என்றே வைத்தாலும் வட்டி ஒன்றேகால் ரூபாய்க்கு வருகிறது. பேங்கில் நகையை வைத்தால் ஒரு ரூபாய்க்கும் கீழேயே கிடைக்கும்.

அவனுக்குப் பணம் தேவைப்பட்டது மகளின் காலேஜ் ஃபீஸுக்கு. அதற்கு ஆறு லட்சம் வேண்டியதே இல்லை. ஆனால் வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? மிச்சத்தை என்ன செய்வாய் என்று கேட்டேன். "போர் ஒண்ணு போடலாம்னு இருக்கறேனுங்" என்றான். சரி, தண்ணீர் வரவில்லை என்றால்? அந்த ஆறு லட்சத்தில் ஒரு பகுதி ஆயிரம் அடி ஆழத்துக்குள் போயிருக்கும். மூன்று வருஷம் கழித்துக் குடியிருப்பவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

எனக்கு நடந்ததும் இதுதான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டை நாலு லட்சத்துக்குப் போக்கியம் விட்டிருந்தேன். பணம் எங்கெங்கோ போய்விட்டது. தவணை முடிந்த அன்று கையில் இருந்தது ஒன்றரை லட்சம். அவரை வைத்துக்கொண்டே அடுத்த போக்கியக்காரரைத் தேடினேன். வருகிறவர் எல்லாம் ஆள் இருக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு, பணத்தைக் கொடுத்த பிறகும் இவர் போகாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து திரும்பினார்கள். எட்டு மாசம் ஓடியது. அவர் வாடகை இல்லாமல் இருந்தார், அது அவர் உரிமை. காலையில் பால் வாங்கப் போகும்போது எதிரில் வந்தால் நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

போக்கியம் எல்லாருக்கும் ஆகாது என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே இரண்டு வட்டிக்கு வெளியில் கடன் வாங்கி முழி பிதுங்குகிறவருக்கு, ஒன்றரை வட்டிப் போக்கியம் லாபம்தான். ஆனால் வாங்கின கையோடு கடனை அடைத்துவிட்டு, அதுவரை கட்டிய வட்டிக் காசை மாசாமாசம் தனியாக எடுத்து வைக்கவேண்டும். அது பத்தில் ஒருவரால் முடிகிற காரியம். இன்னும் மூன்று சங்கதி. குடியிருக்க விட்டு அடமானம் வைப்பது நூறு ரூபாய்க்கு மேல் போனாலே பதிவுசெய்த பத்திரம் வேண்டும் என்று 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. நாமோ ஆறு லட்சத்தைப் பதிவு செய்யாத வெறும் முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துவிடுகிறோம். பணத்தைக் கட்டுக்கட்டாக வாங்கினால் வருமான வரிக்காரர்கள் குறுக்கே வருவார்கள். கடனோ டெபாசிட்டோ, 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது, வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் போட இடமிருக்கிறது. திருப்பித் தருவதும் பேங்க் வழியாகத்தான். மூன்றாவது, வீட்டுப் பத்திரம் பேங்கில் அடமானம் இருக்கும்போது அதைச் சொல்லாமல் போக்கியம் எழுதுவது வருகிறவரை ஏமாற்றுவது.

குடும்பத்துக்கு மாச வாடகை என்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. அதனாலேயே இதில் அசட்டையும் அதிகம். 2017ஆம் வருஷம் தமிழ்நாடு கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. 1960ஆம் வருஷத்துப் பழைய சட்டம் போய்விட்டது. இப்போது வாய்ப்பேச்சு வாடகைக்கு இடமில்லை. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்கவேண்டும், இணையதளத்திலேயே செய்யலாம். பதினொரு மாச ஒப்பந்தம் என்று வழக்கமாகப் போடுவது வேறு காரணத்துக்காக: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். பதினொரு மாசம் போட்டாயிற்று, இனி பதிவே வேண்டாம் என்று நினைப்பவர்கள்தான் நம்ம பக்கம் அதிகம். அந்த எண் இல்லாத காகிதம் தகராறு வரும்போது கை கொடுக்காது.

காலி செய்யும் நாளில் இங்கே என்ன ஆகும்? அட்வான்ஸைத் திருப்பவேண்டும். வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒழிய, மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஐந்து மாசம், பத்து மாசம் என்று கேட்பது பழக்கம். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், நல்ல மனசால் அல்ல, 27,000 என்றால் எந்த நாளும் புரட்டிவிடலாம் என்பதால். வீட்டைக் கையில் வாங்கி ஒரு மாசத்துக்குள் கழிக்கவேண்டியதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தாகவேண்டும். கழிப்பதில்தான் சண்டை வரும். பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடித்துக்கொள்வது நம்ம வழக்கம். சட்டத்தின் அட்டவணையோ வெள்ளையடிப்பதையும், கதவு சன்னலுக்கு வர்ணம் பூசுவதையும், குழாய் வயரிங் மாற்றுவதையும் வீட்டுக்காரர் தலையில்தான் வைக்கிறது, ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால் தவிர. ஆகவே பெயிண்ட் காசு பிடிப்பதாக இருந்தால் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குடி வருகிற அன்று சுவர், தரை, அட்டாலி, பொடக்காணிக் குழாய் என்று ஒன்று விடாமல் போனில் வீடியோ எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். அதன்பிறகு சுவரில் ஆணி யார் அடித்தது என்று பேசவேண்டியிருக்காது.

வாடகை இரண்டு மாசம் நின்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. மோட்டார் சுவிட்சை அணைக்க வழி இல்லை. தண்ணீர், கரண்ட்டை நிறுத்தக்கூடாது என்பது சட்டம். நானே ஒரு முறை அணைத்திருக்கிறேன். பாக்கி வைத்தவர் பேச்சே இல்லாமல் வெளியே போய்விட்டார். அவர் வீட்டு அம்மா குடத்தோடு எதிர்வீட்டுக்குப் போனதைத் தெரு முழுக்கப் பார்த்தது. மத்தியானத்துக்குள் என் மனைவியே வந்து போட்டுவிட்டாள். பாக்கி வாடகை அதனால் ஒரு நாள் முன்னால் வந்துவிடவில்லை.

யாருக்கு விடுவது என்பதில் நம்மவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஊரும், அதற்குப் பின்னால் மறைத்து வைத்த சாதியும். "எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க?" என்று இழுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அசிங்கமான கேள்வி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கு அதில் பதிலே இல்லை. எனக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போனவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் நம்பரை வாங்கி ஒரு போன் போட்டால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

மாதம் பார்ப்பதும் முக்கியம். ஆடியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. ஆனி கடைசியில் வீடு காலியானால் ஆவணி வரை பூட்டுத்தான். அதனால் ஜூன் முதல் தேதி ஒப்பந்தம் தொடங்குகிற மாதிரி போடுவேன். பதினொரு மாசம் ஏப்ரல் கடைசியில் முடியும், பள்ளிப் பரீட்சை முடிந்திருக்கும், போகிறவரும் வருகிறவரும் மே மாசத்தில் மாறிக்கொள்ளலாம்.

அடுத்தது லைன் வீடு. பணக் கணக்கில் இதை அடிக்க எதனாலும் முடியாது. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பொதுவில் கக்கூஸ் குளியலறை. ஒன்றுக்கு 4,000 என்றால் நாலுக்கும் 16,000, ரோட்டைப் பார்த்த வீட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலி செய்யும் நாளும் இங்கே ஒன்றுமே இல்லை. அட்வான்ஸ் ஐயாயிரமோ பத்தாயிரமோ. பல சமயம் கடைசி இரண்டு மாச வாடகையில் அதுவே கழிந்திருக்கும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு பையோடு கிளம்பிவிடுவார்கள். சாயங்காலமே வேறு ஆள் வந்து நிற்பார்.

ஆனால் மற்ற வழிகளில் ஒரே நாளில் வருகிற தலைவலியை லைன் வீடு முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் பிரித்துக் கொடுக்கும். பனியன் கம்பெனியில் சம்பளம் வாராவாரம் சனிக்கிழமை. அதனால் வாடகை ஒன்றாம் தேதி வராது, ஒன்றாம் தேதிக்கு அடுத்த ஞாயிறு காலையில் வரும், அதுவும் வாசலில் போய் நின்றால். மத்தியானத்துக்கு மேல் போனால் அந்த வாரக் காசு கடைக்கும் ஊருக்கும் போயிருக்கும். சித்தப்பா ஞாயிறு தவறாமல் போனதன் ரகசியம் இதுதான். மூன்று பேர் என்று சொல்லி எடுத்த ரூமில், பகல் ஷிப்ட் நைட் ஷிப்ட் என்று மாற்றி மாற்றி ஏழு பேர் படுத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒடிசாவிலும் பீகாரிலும் இருக்கிற குடும்பத்துக்கு அனுப்பவேண்டிய காசு அது. ஆனால் செப்டிக் டேங்க் மூன்று பேருக்குக் கட்டியது. நல்லதண்ணி வருகிற அன்று தொட்டியில் பிடித்து வைத்தால் மறுநாளே தீரும், அப்புறம் லாரித் தண்ணீர்தான். சித்தி இந்தி படித்ததே இந்தத் தண்ணீரால்தான். "பானி நஹி" என்று அவர் சொல்வதைக் கேட்கவேண்டுமே.

கரண்ட் கணக்கை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாசத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று இருக்கிறது. நாலு வீட்டுக்கும் ஒரே மீட்டர் என்றால் நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே இலவசப் பங்குதான், அதோடு மொத்த யூனிட் ஏற ஏற விலைப் படியும் ஏறும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால், கார்டில் உள்ள விலையைக் காட்டுங்கள் என்று இன்றைக்குப் பையன்கள் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். வீட்டுக்கு வீடு தனி இணைப்பு வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. ஆதார் நகல், போன் நம்பர், வேலை பார்க்கும் கம்பெனி, மூன்றையும் வாங்கிக் காவல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று, லைன் வீடு கட்டினால் அந்த ஊர்த் தொழிலோடு கூட்டு வைத்த மாதிரி. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நொய்யல் ஆறு மாசுபட்டதற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூரில் ஆள் குறைந்தது. 2020 ஊரடங்கில் லைனோடு லைனாகப் பூட்டு. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது, ஹோலிக்கும் சேர்த்துப் பலர் ரயில் ஏறினார்கள். வருஷாவருஷம் தீபாவளிக்குப் போகிறவர்கள் அதற்கு ஆறாம் நாள் வருகிற சத் பூஜையையும் முடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வருஷத்துக்குப் பத்து மாச வாடகை என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

கம்பெனி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாக விட்டால் 34,000 வருகிற இடத்துக்கு மொத்தமாக 40,000 தருவதாகச் சொன்னார்கள். மாசாமாசம் பேங்கில் ஏறிவிடும், ஒரே ஆளிடம் பேசினால் போதும். வாடகை மாசம் 50,000த்தைத் தாண்டினால் அதில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பார்கள், கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனி குடியிருப்பு வீட்டை எடுத்தால் 2022 ஜூலை 18 முதல் 18 சதவீத வரி உண்டு. அதைக் கட்டவேண்டியது அவர்கள்தான், ஆனால் பேரம் பேசும்போது அதைக் காட்டி வாடகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். பெண்களுக்கு ஹாஸ்டலாக நடத்தினால் 2014ஆம் வருஷச் சட்டப்படி உரிமம் வேண்டும். யார் எடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதியாகவேண்டும்.

காலி செய்யும் நாள்? ஆறு வீடும் ஒரே நாளில் காலியாகும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர்கள் நின்றபோது, எனக்குத் தெரிந்த ஒருவரின் கட்டடத்தை அப்படித்தான் ஒரு மாச நோட்டீஸில் விட்டுப் போனார்கள். ஆள் மேல் ஆள் இருந்த வீடு. சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மிச்சமில்லை. வாங்கிய மூன்று மாச அட்வான்ஸ் ரிப்பேருக்கே பற்றவில்லை. கம்பெனிக்கு விடுவதானால் குறைந்தது ஆறு மாச அட்வான்ஸ், மூன்று மாச நோட்டீஸ், தலைக்கணக்கு இத்தனை என்ற வரம்பு, மூன்றையும் எழுத்தில் வாங்கவேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். மேனேஜர் முதல் இரண்டுக்கும் சரி என்றார். தலைக்கணக்கு என்றதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் அவன் செய்தது இது. மனைவியின் ஆரத்தை பேங்கில் வைத்து ஃபீஸைக் கட்டினான், போரைத் தள்ளிப்போட்டான். போக்கியக்காரருக்கு இல்லை என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். அந்த போனை நான்தான் செய்தேன். கீழ்வீட்டுக்கு ஒரு செக்கிங் மாஸ்டர் குடும்பம் வைகாசி கடைசியில் பால் காய்ச்சி வந்துவிட்டது, மூன்று மாச அட்வான்ஸ், பதிவு எண்ணோடு ஒப்பந்தம். மேல்வீட்டுக்கு ஆள் பார்ப்பதற்குள் ஆடி வந்து, அது முழு மாசமும் பூட்டிக் கிடந்தது. லைனில் புதிதாக ஒன்றும் கட்டவில்லை. அங்கே ஏழு வருஷமாக இருக்கிற கோபிச்செட்டிபாளையத்து அக்காவுக்கு வாடகையில் ஆயிரம் குறைத்து, மோட்டார் போடுவதும் ஞாயிறு வசூலும் அவர் பொறுப்பு என்று பேசி முடித்தான். அவர் நின்றால் ஒருத்தரும் தவணை சொல்வதில்லையாம்.

ஆவணியில் மறுபடி போன். "ஏனுங்ணா, கீழ்வீட்டுல குழாய் வாசர் போயிருச்சாமுங்க. அது ஆரு கணக்குங்க?"

"சட்டப்படி குடியிருக்கறவங்க கணக்கு, தம்பி."

"அப்ப சொல்லிரட்டுங்களா?"

"வாசர் பத்து ரூபாய். நீயே வாங்கிட்டுப் போய் மாட்டிக் குடுத்துட்டு, மேல்வீட்டையும் ஒருக்கா திறந்து பார்த்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மொபெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.